லெதர் போல் (கடினப்பந்து) நெட் போடப் போறோம்: காசை முதல்ல எதுல போடுறது?

மஸ்கெலியா_மிட்விக்கெட்
வணக்கம். தோட்ட டிவிஷன் கழகம் ஒன்றுக்கு முதல் தடவையாக கடினப்பந்துப் பயிற்சி வலை அமைக்க வேண்டும். இதுவரை மென்பந்து மட்டும்தான். இடம் 110 அடி நீளம், 20 அடி அகலம். ஒரு பக்கம் மேட்டுச் சரிவு, மறு பக்கம் கீழே இறங்கும் கொழுந்து மலை (தேயிலைச் சரிவு). பணம் மூன்று தவணையாகத்தான் வரும். முதல் தவணையில் பைப்பும் வலையும் வாங்கி நட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியும், பிள்ளைகள் சேருவார்கள், பிட்சைப் பிறகு பார்க்கலாம் என்பது கமிட்டியின் எண்ணம். இது சரியா? அளவு, கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கான்வெட்டி
சரியில்லை தம்பி. வலை கடையில் இன்றைக்கும் இருக்கும், அடுத்த வருஷமும் இருக்கும். மலைநாட்டில் நெட்டைக் கெடுப்பது தண்ணி. முதல் தவணை மண்ணுக்கும் கானுக்கும் (தண்ணி வடியும் வாய்க்காலுக்கும்) போக வேண்டும்.

அந்தத் திட்டில் எது வெட்டிய மண், எது கொட்டிய மண் என்று பாருங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் இரண்டடிக் குழி தோண்டுங்கள். ஒரே நிறமாக இறுகிய செம்மண் வந்தால் அது வெட்டின தரை. கறுப்பும் சிவப்பும் கலந்து, பழைய தேயிலை வேர், கரித்துண்டு, ஓட்டாஞ்சில்லு வந்தால் நிரப்பின தரை. உங்கள் இடத்தில் அநேகமாக மேட்டுப் பக்கம் வெட்டியதும், கொழுந்துப் பக்கம் கொட்டியதுமாக இருக்கும். பிட்ச் இந்த இரண்டுக்கும் குறுக்கே உட்கார்ந்தால், ஒரு மழைக்காலத்தில் கொட்டின பக்கம் இறங்கி, கோடு போட்ட மாதிரி நீளத்துக்கு வெடிக்கும். சீமெந்தைக் கூட்டிப் போட்டாலும் வெடிக்கும். அதனால் பிட்ச் முழுக்க வெட்டின தரையில் இருக்கட்டும். நடைபாதையும் ஆட்கள் நிற்கும் இடமும் நிரப்பின பக்கம் இருந்தால் பரவாயில்லை.

மேட்டுப் பக்கம் பிட்சுக்கு மூன்றடி தள்ளி ஒரு கான் வேண்டும். அகலம் 1 அடி, ஆழம் 1½ அடி. சாய்வு நூற்றுக்கு ஒன்று என்றால் 110 அடிக்கு ஏறக்குறைய 13 அங்குலம் இறங்க வேண்டும். கானின் கடைசியைத் தோட்டத்தின் பழைய கானோடு சேர்த்துவிடுங்கள், அதற்கும் துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்) சொல்லிவிட்டுத்தான். சும்மா கொழுந்துப் பக்கம் திறந்துவிட்டால் நிரப்பின மண்ணை அரித்துக் கொண்டு போகும், கீழே லயம் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இருந்தால் கதை வேறு.

இன்னொன்று. இடம் போதவில்லை என்று மேட்டை இன்னும் கொஞ்சம் வெட்டலாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். வேண்டாம். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவில் என்ன நடந்தது என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. சரிவின் அடியில் கைவைப்பதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனை இல்லாமல் மண்வெட்டியைத் தூக்காதீர்கள்.

மட்டப்பலகை பாஸ்
கான்வெட்டி அண்ணன் சொன்னதுதான் அடிப்படை. நான் பிட்ச் கணக்கைச் சொல்றேன்.

ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 22 யார், அதாவது 66 அடி. நிறைய பேர் நினைக்கிற மாதிரி அவ்வளவுக்கும் கொங்கிரீட் தேவையில்ல. பந்து குத்துற இடத்துக்குப் போட்டா போதும். துடுப்பாட்டக்காரர் பக்கம் ஸ்டம்புக்குப் பின்னால 4 அடி, முன்னால 36 அடி, மொத்தம் 40 அடி. அகலம் 8 அடி, தடிப்பு 4 அங்குலம். இது 107 கன அடி கொங்கிரீட். 1:2:4 (சீமெந்து, மணல், சல்லி) கலவைக்கு சீமெந்து 19 மூட்டை வரும், சேதாரத்தோட 20 எடுங்க. முக்கால் அங்குலச் சல்லி 1 கியூப் (100 கன அடி). மணல் கணக்குல அரைக் கியூபுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனா வாங்குறது அரைக் கியூபுக்கு மேல இருக்கட்டும். ஏன்னா நம்ம பக்கம் மணல் எப்பவும் ஈரம். ஈர மணல் உப்பி நிக்கும், பெட்டியில அளந்தா உள்ள இருக்கிற மணல் குறைவு. அஞ்சு பெட்டி போடுற இடத்துல ஆறு போடணும், தண்ணியை அதுக்கேத்த மாதிரி குறைக்கணும். மூட்டைக்கு 25 லீற்றருக்கு மேல போகவே கூடாது. கலவை இழுக்க லேசா இருக்கணும்னு தண்ணி ஊத்துற கையைப் பிடிச்சு நிறுத்துங்க.

அடியில: மேல்மண் 6 அங்குலம் எடுத்துட்டு 4 அங்குலம் கிரவல் (சரளை மண்). அதையும் ஒரே தரமா கொட்டாம ரெண்டு தட்டா இடிச்சு இறுக்கணும். மேல தடித்த பொலித்தீன். 6 மில்லிமீற்றர் கம்பி 8 அங்குலக் கட்டத்துல, மேல்மட்டத்துலருந்து ஒன்றரை அங்குலம் கீழ நிக்கணும். கம்பிக்குக் கீழ சின்னக் கொங்கிரீட் கட்டை வச்சு உயர்த்துங்க. கம்பி தரையில கிடந்தா அது இருந்தும் இல்லாத கணக்கு.

பாஸ்மார் (மேசன்மார்) கவனிக்காம விடுறது வெட்டுக்கோடு. வெடிப்பு வரத்தான் செய்யும், எங்க வரணும்னு நாம சொல்லணும். கட்டட வேலை மாதிரி பத்து பத்து அடிக்கு வெட்டினா ஒரு கோடு குட்லெங்த்ல (நல்ல பந்து குத்துற இடத்துல) வந்து விழும், பந்து அதுல பட்டு எங்கயாவது போகும். ஸ்டம்புலருந்து 4, 16, 30 அடியில வெட்டுங்க, ஒரு அங்குல ஆழம். 16க்கும் 30க்கும் நடுவுல கோடே கிடையாது, கம்பி அதைத் தாங்கும்.

மேல்மட்டம் மரப் பலகையால முடிக்கணும். இரும்புத் தட்டால வழவழன்னு தேய்ச்சா பந்து சறுக்கும், பிறகு கார்ப்பெட் (செயற்கைப் புல் விரிப்பு) ஒட்டினாலும் பசை பிடிக்காது. குறுக்கே 8 அடிக்கு ஒரு அங்குலம் சாய்வு, கானுக்கு எதிர்ப்பக்கமா. 10 அடி நேர்ச்சட்டத்தை எங்க வச்சாலும் அடியில ஒரு நூலுக்கு (அங்குலத்துல எட்டிலொரு பங்கு) மேல வெளிச்சம் தெரியக் கூடாது.

பதுளை_யோர்க்கர்
எல்லாம் சரி, ஆனா காணி யாருடையது? அரசுக் கூட்டுத்தாபனக் காணி, 1992க்குப் பிறகு கம்பனி குத்தகையில். தோட்ட முகாமையாளர் கொடுப்பது அனுமதிக் கடிதம், உரித்து இல்லை. துரை மாறினால், அல்லது அந்த இடத்தில் வேறு ஏதாவது கட்ட நினைத்தால், 20 மூட்டை சீமெந்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போக முடியுமா?

என் வாக்கு கிரவல் பிட்ச், மேலே தும்பு மெட்டிங் (தென்னந்தும்புப் பாய்). இலங்கையில் பாடசாலைக் கிரிக்கெட் நீண்ட காலம் மெட்டிங்கில்தான் வளர்ந்தது. கிரவலை 6 அங்குலம் இறுக்கி, ஈரம் போட்டு உருளையால் உருட்டி, மெட்டிங்கை ஓரத்தில் 2 அடிக்கு ஒரு ஆணியாக இழுத்து அடித்தால் போதும். இடம் மாறினால் மெட்டிங்கும் மாறும்.

மட்டப்பலகை பாஸ்
காணி விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். ஆனா நீங்க பதுளையில இருந்து பேசுறீங்க. மஸ்கெலியாவுல மே மாசம் தொடங்கி செப்டெம்பர் வரைக்கும் தும்பு மெட்டிங்கை எப்ப காய வைப்பீங்க? ஒருக்கா நனைஞ்சா பனி மூட்டத்துல நாலஞ்சு நாள் ஈரமா கிடக்கும். அதுமேல லெதர் போல் போட்டா பந்து தண்ணி குடிச்சு வீங்கும், தையல் பிரியும். சுருட்டித் தூக்கி உள்ள வைக்கலாம்னா நனைஞ்ச மெட்டிங்கைத் தூக்க ஆறு பேர் வேணும். கிரவலும் மழையில ஊறி, குட்லெங்த் இடத்துல குழி விழும். வாரா வாரம் நிரப்பணும், நிரப்புற ஆள் ரெண்டு மாசத்துல சலிச்சுடுவார்.

பதுளை_யோர்க்கர்
ஒத்துக்கொள்கிறேன், மேற்குப் பக்கத்துக்கு மெட்டிங் கஷ்டம். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காலம், அங்கே அது வேலை செய்யும். ஆனால் ஒரு திருத்தம். தும்பு மெட்டிங்கில் பந்து உயரமாகவும் வரும், நன்றாகவும் திரும்பும். அதிலேயே பழகின சுழல் பந்துவீச்சாளர் புல் ஆடுகளத்துக்குப் போனால் தன் பந்து ஏன் திரும்பவில்லை என்று தேடுவார். இது மெட்டிங்குக்கு எதிரான வாதம்தான், என் பக்கத்தையே நான் வெட்டிக்கொள்கிறேன்.

அப்படியென்றால் நடுவழி: 40 அடி கொங்கிரீட், மேலே குட்டை இழைச் செயற்கைப் புல். மிச்சம் எல்லாம் கழற்றக் கூடியதாக. தூண்களை நேரடியாகக் கொங்கிரீட்டில் புதைக்காமல், ஒரு அளவு பெரிய பைப் துண்டை உறையாகப் புதைத்து, அதற்குள் தூணை இறக்கி போல்ட் போடுங்கள். உறையின் அடி திறந்திருக்கட்டும், கீழே கொஞ்சம் சல்லி போடுங்கள். அடைத்தால் தண்ணி தேங்கி பைப் உள்ளிருந்து துரு ஏறும்.

அனுமதிக் கடிதத்தில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்கட்டும்: இடத்தின் அளவு, கான் சேரும் இடம், பொருட்கள் கழகத்துக்குச் சொந்தம் என்பது. பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கழகத்தைப் பதிந்து, இரண்டு கையெழுத்து வங்கிக் கணக்கும் திறந்துவிடுங்கள். பதிவில்லாத கழகத்துக்கு அரசுப் பணம் கேட்டுப் போனால் முதல் மேசையிலேயே திருப்பிவிடுவார்கள்.

வலைக்கண்
இனி என் பகுதி. ஒரு நெட்டுக்கு அகலம் 12 அடி, உயரம் 10 அடி, நீளம் 60 அடி. பக்கம் இரண்டும் 1200 சதுர அடி, பின்பக்கம் 120, கூரை 720. மொத்தம் 2040, தொய்வுக்கும் மடிப்புக்கும் பத்து சதவீதம் சேர்த்து 2250 சதுர அடி என்று கேளுங்கள். கூரையை மிச்சம் பிடிக்காதீர்கள். உங்கள் இடத்தில் மேலே போன பந்து கொழுந்து மலைக்குள்தான் விழும். மருந்தடித்த அன்றைக்கு உள்ளே இறங்கக் கூடாது, மற்ற நாளில் அட்டை கடிக்கும். பந்து தேடிச் செடியை மிதிக்கிறார்கள் என்ற முறைப்பாடு ஒன்று போதும், அனுமதிக் கடிதம் பறிபோவதற்கு.

கண் அளவு 2 அங்குலம். கிரிக்கெட் பந்து ஏழு சென்ரிமீற்றர் சொச்சம், டென்னிஸ் பந்து ஆறரை, இரண்டையும் பிடிக்கும். காற்பந்து வலை 4 அங்குலக் கண், அதை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்காதீர்கள். நூல் பொலிஎதிலீன், வெயில் தாங்கும்படி செய்தது, குறைந்தது 2 மில்லிமீற்றர். நைலோன் தண்ணி குடிக்கும், மழைக்காலம் முழுக்கத் தொங்கிக்கொண்டே இருக்கும்.

பைப்: 2 அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு), 20 அடி நீளத்தில் வரும். மேலே 10 அடி, கீழே 2½ அடி என்று 12½ அடி வெட்டினால் 7½ அடி மிஞ்சும். அதைத் தூக்கிப் போடாமல் மூலைத் தூண்களுக்குச் சாய்வு முட்டாக வையுங்கள். 12 அடிக்கு ஒரு தூண், பக்கத்துக்கு 6, மொத்தம் 12 பைப். மூலைக் குழி நாலும் 1½ அடிச் சதுரம், மற்றவை 1 அடிச் சதுரம், ஆழம் எல்லாம் 2½ அடி. இதற்கு 8 மூட்டை சீமெந்து.

வலையைத் தூணோடு கட்டவே கூடாது. தூணுக்கு உட்பக்கம் 9 அங்குலம் தள்ளி 4 மில்லிமீற்றர் கம்பிக் கயிறு இழுத்து, வளையத்தில் வலையைத் தொங்கவிடுங்கள். தூணில் பட்டுத் தெறிக்கும் லெதர் போல் அடித்தவர் முகத்துக்கே வரும். துடுப்பாட்டக்காரருக்குப் பக்கத்துத் தூண்கள் நாலுக்கும் பழைய டயர் அல்லது தடித்த ஸ்பொன்ஜ் சுற்றுங்கள். கயிற்றை இறுக்க ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு திருகு. ஜூலைக் காற்றில் தொய்யும், மாதம் ஒருமுறை இறுக்க வேண்டும்.

பந்து தெரிய வேண்டும் என்று பின்பக்கம் முழு உயரத்துக்கும் பச்சைத் துணி கட்டுவார்கள். காற்றுப் பிடித்து மூலைத் தூணையே சாய்த்துவிடும். கீழ் 3 அடிக்கு மட்டும் கட்டுங்கள், அதிகம் பந்து அடிபட்டு வலை கிழியும் இடமும் அதுதான்.

மஸ்கெலியா_மிட்விக்கெட்
நீர்கொழும்பில் மீன் வலை அரை விலைக்கும் கீழே கிடைக்கிறது என்று கமிட்டியில் ஒருவர் பிடிவாதமாக நிற்கிறார். கண்ணும் 2 அங்குலம்தான் என்கிறார்.

வலைக்கண்
கண் அளவு சரியாக இருக்கலாம், நூல் எப்படி என்று கேளுங்கள். ஒற்றை இழைத் தங்கூசி வலை என்றால் வேண்டாம், மிகவும் மெல்லியது. வேகமாக அடித்த பந்து முடிச்சில் படப் பட அறுந்து, ஒரு கண் போனால் பக்கத்துக் கண்ணும் போகும். முறுக்கு நூல் இழுவை வலை தடிப்பாக இருந்தால் கூரைக்கு மட்டும் பாவிக்கலாம், அங்கே அடி குறைவு. பக்கங்களுக்குப் புதியதே போடுங்கள்.

எந்த வலையானாலும் தரையில் ஒரு அடி மடிந்து கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் பந்து அடியால் ஓடும். ஆனால் மாலையில் முடித்துப் போகும்போது அந்த அடியைத் தூக்கி இடுப்புயரத்தில் கொளுவிவிடுங்கள். இரவில் நாய், பன்றி வந்து சிக்கும். நம்ம தேயிலை மலைகளில் சிறுத்தையும் நடமாடுகிறது, பன்றிக்கு வைத்த சுருக்கில் அது சிக்கிச் சாவது அடிக்கடி செய்தியாகிறது. காலையில் வலைக்குள் அதைப் பார்க்க யாருக்கும் விருப்பமிருக்காது.

லெக்சைட்_அக்கா
எல்லாரும் கல்லையும் கம்பியையும் பேசுறீங்க. நெட் வந்ததும் கழகம் தானா வளராது. ஒரு நெட்டில 20 பேர் வந்து நின்னா, 14 பேர் பார்த்துக்கொண்டு நிப்பாங்க. ரெண்டு கிழமையில அந்த 14 பேரும் திரும்ப வரமாட்டாங்க.

ஒன்றரை மணித்தியாலத்துக்கு 10 பேர்தான். ஆறு பேர் தலா 12 நிமிஷம் துடுப்பாடினா 72 நிமிஷம், கால் பேட் மாத்துற நேரத்தோட சரியா வரும். ஒரே நேரத்தில நாலு பேர் பந்துவீசலாம், வரிசையா, ஒரு பந்து முடிஞ்ச பிறகுதான் அடுத்தது. மிச்சப் பேரை வெளியில களத்தடுப்புக்கு விடுங்க. அடுத்து ஆடப் போறவர் முன்கூட்டியே பேட் கட்டி நிக்கணும், அதால ரெண்டு சோடி பேட் கட்டாயம். ஹெல்மெட்டும் அப்படியே ரெண்டு. அப்டொமினல் கார்ட் (அடிவயிற்றுக் கவசம்) மட்டும் ஆளுக்கொன்று சொந்தமா இருக்கட்டும்.

மென்பந்திலருந்து வாற பிள்ளைகளுக்கு முதல்ல மாத்த வேண்டியது குறுக்கே இழுக்கிற பழக்கம். டென்னிஸ் பந்து மெதுவா வந்து நெஞ்சளவுக்கு எழும்பும், முன்காலை விலக்கி லெக் பக்கம் இழுத்தா சிக்ஸ். லெதர் போல் அதே இடத்துல குத்தினா வேகமா வந்து விலாவுல விழும். முதல் ஆறு கிழமை பந்தை மெதுவா எறிஞ்சு, பிறகு பாதித் தூரத்துலருந்து வீசி, நேர் துடுப்பை மட்டும் பழக்குங்க. புதுப் பந்தை நெட்டுக்குக் கொண்டு வர வேண்டாம், செயற்கைப் புல் கொங்கிரீட்டில ஒரு நாள்லயே தோல் உரிஞ்சு போகும்.

எல்லாருக்கும் ஒரே பந்து குடுக்காதீங்க. வளர்ந்தவங்களின் பந்து 156 முதல் 163 கிராம். பெண்களுக்கானது 140 முதல் 151. பதின்மூன்று வயசுக்குக் கீழ 133 முதல் 144. சின்னக் கைக்குப் பெரிய பந்து குடுத்தா தோளும் கெடும், பிடியும் கெடும்.

வேகப்பந்துப் பையன்மார் நெட் கிடைச்ச சந்தோஷத்துல கணக்கில்லாம வீசுவாங்க. இங்கிலாந்து கிரிக்கெட் சபை நீண்ட காலம் வச்சிருந்த அளவு: 13 வயசுக்குக் கீழ ஒரு மூச்சில 5 ஓவர், நாளுக்கு 10. 15 வரைக்கும் 6, நாளுக்கு 12. கொப்பி ஒன்றில பேர் எழுதி எண்ணுங்க. எல்லாப் பிள்ளையும் சுழலும் போட்டுப் பார்க்கட்டும். முரளியே வேகமா வீசிக்கொண்டிருந்து, 14 வயசுல பயிற்றுநர் சொல்லித்தான் சுழலுக்கு வந்தவர்.

பெண்பிள்ளைகளுக்குத் தனி நாள் ரெண்டு ஒதுக்குங்க, கமிட்டியில ஒரு பெண்ணும் இருக்கட்டும். 2024 ஜூலையில தம்புள்ளையில நம்ம பெண்கள் ஆசியக் கிண்ணம் எடுத்ததைப் பார்த்த பிள்ளைகள்தான் இப்ப கேக்குறாங்க. ஸ்கூல் விட்டு 2.30க்குத் தொடங்கி 4.30க்கு முடிச்சா, இருட்டுக்கு முன்னம் லயத்துக்குப் போயிடலாம். அம்மா மலையிலருந்து வாறதுக்குள்ள வீட்டு வேலை காத்திருக்கும் என்கிறதையும் மறக்காதீங்க, நேரம் தவறினா அடுத்த நாள் அனுப்பமாட்டாங்க.

பிறகு இடி. ஏப்ரல்லயும் ஒக்டோபர், நவம்பர்லயும் பின்னேரத்துல இடிச்சா, திறந்த மலையில 12 இரும்புத் தூணுக்கு நடுவுல ஒருவரும் நிக்கக் கூடாது. சத்தம் கேட்டதும் கலையணும், ஓவரை முடிச்சிட்டுப் போறோம் என்ற பேச்சே இல்ல.

கான்வெட்டி
அக்கா சொன்னதோடு திசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வடக்கு தெற்காக வைத்தால் பின்னேர வெயில் துடுப்பாட்டக்காரர் கண்ணில் அடிக்காது. இடம் கிழக்கு மேற்காகத்தான் கிடக்கிறதென்றால், மேற்கே மலை இருக்கிறதா பாருங்கள். சூரியன் நாலரைக்கே மலைக்குப் பின்னால் போய்விடும் பள்ளத்தாக்கில் இது பெரிய பிரச்சினையில்லை.

மட்டப்பலகை பாஸ்
மாசக் கணக்கு சொல்லாம விட்டுட்டேன். மஸ்கெலியாவுக்கு ஜனவரி நடுவுலருந்து மார்ச் வரைக்கும்தான் நேரம். கான் இப்பவே வெட்டலாம், ஒரு மழை பார்த்தா தண்ணி எங்க நிக்குதுன்னு தானா தெரியும். கொங்கிரீட்டைக் காலையில போடுங்க. அந்த மாசத்து இரவுக் குளிர்ல இறுக நேரமெடுக்கும், பக்கப் பலகையை ரெண்டு நாளைக்குக் கழற்ற வேண்டாம். ஏழு நாள் நனைஞ்ச சாக்கு. கார்ப்பெட் ஒட்ட 28 நாள் பொறுங்க. அதுக்கப்புறமும் ரெண்டடிச் சதுரப் பொலித்தீனைக் கொங்கிரீட் மேல டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்க. காலையில அடியில வேர்த்திருந்தா பசை போடக் கூடாது. ஈரத்துல ஒட்டின கார்ப்பெட் முதல்ல ஓரத்துல எழும்பும், பிறகு நடுவுல குமிழ் விடும்.

மஸ்கெலியா_மிட்விக்கெட்
அண்ணன்மாருக்கும் அக்காவுக்கும் நன்றி. முதல் தவணை கான், கிரவல், கடிதம், பதிவு. இரண்டாவது கொங்கிரீட், தூண் உறைகள். மூன்றாவது பைப், வலை, கார்ப்பெட். கமிட்டியில் இப்படித்தான் வைக்கப் போகிறேன். ஒரு சந்தேகம் மிச்சம். கொங்கிரீட் 40 அடியோடு நின்றால், பந்துவீச்சாளர் கால் வைக்கும் இடம் வெறும் மண்ணா?

பதுளை_யோர்க்கர்
மண் என்றால் ஒரு மாதத்தில் முன்கால் குழி விழுந்து கணுக்கால் பிரளும். கொங்கிரீட் என்றால் முழங்காலுக்கும் முதுகுக்கும் கேடு. துடுப்பாட்டப் பக்க ஸ்டம்பிலிருந்து 52 அடி தொடங்கி 72 அடி வரை, 6 அடி அகலத்தில் கிரவலை இறுக்கி, மேலே ரப்பர் விரிப்பு அல்லது பழைய தும்பு மெட்டிங் துண்டு, நாலு பக்கமும் ஆணி. நடுவில் மிஞ்சும் 16 அடிக்குப் புல் போதும். 62 அடியில் கோடு தெளிவாக இருக்கட்டும். நெட்டில் கோடு இல்லாமல் பழகினவர்கள் போட்டியில் ஓவருக்கு இரண்டு நோபோல் போடுவார்கள். ஸ்டம்புக்குப் பின்னால் உள்ள 4 அடியையும் கழித்தால், உங்கள் 110 அடியில் ஓடிவர 34 அடிதான் மிஞ்சும். சுழலுக்குத் தாராளம், சின்ன வேகப்பந்துப் பிள்ளைகளுக்கும் போதும். வளர்ந்தவர்களுக்கு ஓடுபாதையை நிரப்பின பக்கமாகக் கொஞ்சம் நீட்ட முடியுமா என்று, மழை முடிந்த பிறகு அந்த மண் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.